வானத்தை இறக்க முப்பத்து நாலு ஸ்பூன்

திருப்பதியில் அந்தத் தொண்டை டாக்டரின் அறைக்கு வெளியே இருபத்திரண்டு நாற்காலிகள். அவற்றில் மூன்றுக்குக் கை உடைந்திருந்தது. எங்கள் டோக்கன் பதினான்கு. டெட்டால் வாசனையோடு யாரோ பிரித்த எலுமிச்சைச் சாதத்தின் வாசனையும் கலந்து வந்தது. மாசி மாதம் என்று நினைவு. தேதி எனக்கு நிற்காது, எண்ணிக்கைதான் நிற்கும்.

நோயாளி நான் அல்ல, என் மனைவி சரோஜா. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நல்ல கட்டிதான், ஆனால் எடுத்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று குரலைச் சோதிப்பதற்காக வரச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் அம்மாள் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, "ஈ" என்று இழுக்கச் சொன்னார். சரோஜா இழுத்தாள். சிறிய டிவியில் இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. அதுதான் குரலாம். அந்தக் கட்டிக்குப் பின்னால் குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, கத்தி அதன் பக்கத்தில் போகும் என்றார் டாக்டர். பேச்சு திரும்ப வந்துவிடும். மேலே போகிற குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா பாட்டு பாடுவாங்களா?"

"இல்ல" என்றேன்.

"பாடுவேன்" என்றாள் சரோஜா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷத் தம்பதிக்குள் தீர்ப்புச் சொல்லும் வேலை தனக்கு வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். அட்டையில் 'எப்போதாவது' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி மூடிவிட்டார்.

பஸ்ஸில் நடந்த விசாரணை

திருப்பதியிலிருந்து எங்கள் புத்தூருக்கு வரும் வழியில் அப்போது பதினேழு வேகத்தடைகள். ஆறாவது தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"நீ எப்ப பாடுன?" என்று கேட்டேன்.

சரோஜா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க எண்ணிக்கினு இருந்தப்ப."

மீதி பதினோரு வேகத்தடைகளையும் எண்ணினேன்.

என்மேல் சொல்லப்படும் குற்றம்

நான் கணக்கு வாத்தியார். விஜயபுரம் பக்கத்தில் வீட்டிலும் வயலிலும் தமிழ் பேசி வளர்ந்து, முப்பத்து நாலு வருஷம் தெலுங்கில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். 'லெக்கல மாஸ்டாரு' என்பதுதான் ஊரில் என் பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. எண்ணாவிட்டால் நெஞ்சு படபடக்கும். இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பு, திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகள் 3,547 என்று எழுதிவிட்டேன். 3,550 என்று திருத்தி மூன்று வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வணக்கம். எண்ணியது நான். ஒருமுறை 3,552 வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பாட்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்கள் கும்பலாக மலையேறுவார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாட்டு காதில் விழுந்தால் என் எண்ணிக்கை தப்பும். அதனால் எப்போதும் இருபது படி முன்னால் போய்விடுவேன். அடி எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் ஓர் ஆர்மோனியப் பெட்டி உண்டு. பஜனைக் கோஷ்டியுடையது. துருத்தியை எலி கடித்துப் பல காலமாகிறது. அதில் எத்தனை கட்டைகள் என்று எண்ணியிருக்கிறேன்: முப்பத்தேழு. அது ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

வானத்துக் கச்சேரி

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய விழாவில் ஒன்பது என்ற எண்ணின் பெருமையைப் பற்றி ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினேன். பதினான்கு பேர் தூங்கினார்கள். செயலாளர் செங்கல்ராயன் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாஸ்டர் பேசலாம், ஆனால் காதுக்கு ஏதாவது இருக்க வேண்டும்.

காதுக்கு ஏற்ற கணக்கு ஒன்று என்னிடம் இருந்தது. மிகப் பழங்காலத்தில் கிரேக்க தேசத்தில் ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களும் என் ஜாதி, எல்லாவற்றையும் எண்ணுகிறவர்கள். தந்தியைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலே கேட்கிறது, மூன்றில் இரண்டாக்கினால் இன்னொரு சுரம் என்று கண்டார்கள். இசையே எண்ணிக்கைதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். வானத்தில் கிரகங்களும் கணக்குத் தவறாமல் சுற்றுகின்றன. ஆகவே அவையும் பாடுகின்றன, ஆளுக்கு ஒரு சுரம். சந்திரன் முதல் சனி வரை ஏழு கிரகம், ஏழு சுரம். பூமியைச் சுற்றி ஓயாத கச்சேரி.

சனியின் சுரம் தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதில் பிற்காலத்தவர்களுக்குள் சண்டை உண்டு. மெதுவாக நடக்கிறவருக்குக் கனத்த குரல் என்று நான் தீர்த்துக்கொண்டேன். சனிக்கு ச. அடுத்து வியாழன் ரி, செவ்வாய் க, சூரியன் ம, சுக்கிரன் ப, புதன் த, ஓடிக்கொண்டே இருக்கும் சந்திரனுக்கு நி.

பிறகு நடை. சந்திரன் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு விநாடி என்று வைத்தால், புதன் மூன்று விநாடிக்கு ஒருமுறை, சுக்கிரன் எட்டு, சூரியன் பதின்மூன்று, செவ்வாய் இருபத்தைந்து. வியாழன் இரண்டு நிமிஷம் முப்பத்தொன்பது விநாடி. சனி ஆறு நிமிஷம் முப்பத்து நாலு விநாடி. பூமியைச் சுற்றும் பழைய வானத்தையும் சூரியனைச் சுற்றும் புதிய வானத்தையும் கலந்துவிட்டேன் என்று கடிதம் எழுத வேண்டாம், தெரிந்துதான் கலந்தேன்.

ஏழு பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, ஏழு உறுப்பினர்கள் குச்சியால் தட்டுவது என்று ஏற்பாடு. சந்திரனுக்குத் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவரைப் போட்டேன். விநாடிக்கு ஒன்று அவருக்குக் கை வந்த வேலை. சனிக்கு யாரைப் போடுவது? ஆறரை நிமிஷம் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க யாரும் சம்மதிக்கவில்லை. செங்கல்ராயன் தாமே முன்வந்தார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர்.

"இருபத்தெட்டு வருஷம் லேட் வண்டிக்குக் காத்துக்கினு இருந்தவன் மாஸ்டரே நான். சனி இன்னா, ஆறு நிமிஷத்துல வந்துடறான். காளாஸ்தி வண்டிய வுட மேலு."

அவரே ஒரு சிக்கலையும் கிளப்பினார். ராகு, கேது எங்கே என்றார். அவை நிழல்கள், உடம்பு இல்லாதவை, கிரேக்கருக்குத் தெரியாதவை என்றேன். காளஹஸ்திக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்த இருவரையும் விட்டுவிட்டு விழா நடத்த முடியாது என்றார். கடைசியில் தண்ணீர் இல்லாத இரண்டு கிண்ணங்களை வைத்து, அவற்றின் பின்னால் இரண்டு பேரை உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. தட்டாமல் இருப்பது அவர்கள் வேலை.

ஊறுகாய்க் கிண்ணம்

பீங்கான் கிண்ணங்கள் கடையில் ஆறாகத்தான் வரும். வானத்துக்கு ஏழு வேண்டும். ஏழாவதாக எங்கள் வீட்டு ஊறுகாய்க் கிண்ணத்தைக் கழுவி எடுத்தேன். பெரியது, சனியாக வைத்தேன்.

சுரம் சேர்ப்பது எப்படி என்று தெரியவில்லை. ஆர்மோனியத்தில் காற்று இல்லை. டாக்டர் முன்னால் அவமானப்பட்ட மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாயை மூடியபடியே ஒரு ச பிடித்தாள். ஐந்தரைக் கட்டை என்றாள். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் ச வைத்துக்கொள்கிறோமோ அதுதான் நம் சுருதி, ஐந்தரை அவளுடையது. பெயர், வயது போல இதுவும் ஓர் எண். என் மனைவிக்கு இப்படி ஓர் எண் இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒரு ஸ்பூன் ஊத்துங்க, அரை ஸ்பூன் எடுங்க என்று அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். தண்ணீர் கூடினால் ஒலி இறங்கும், குறைந்தால் ஏறும். சனிக்கு முப்பத்தொரு ஸ்பூன். மற்ற ஆறும் சேர்ந்தபின் நான் நடையை விளக்கினேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"சனிதான் ச-வா? ச இல்லாம ஆறு நிமிஷம் மத்தவங்க எப்டிப் பாடுவாங்க?"

கிரேக்கர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொரு கேள்விக்குச் சொல்லியிருந்தார்கள். வானம் இப்படிப் பாடினால் நமக்கு ஏன் கேட்பதில்லை? பிறந்த நிமிஷத்திலிருந்து அது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு நொடியும் நின்றதில்லை. நின்றால்தானே இருந்தது தெரியும்? கொல்லன் காதுக்குச் சுத்தியல் கேட்காததைப் போல. என் உரையின் உச்சியே இந்த இடம்தான். சரோஜாவிடம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டினேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"அந்த ஆளு வீட்லயும் ஒரு பொம்பள பாடிக்கினு இருந்திருப்பா."

நின்றபோது

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு. வீட்டுக்கு வந்த பிறகு குரலாக வந்தது வெறும் காற்று. நரம்பு களைத்திருக்கிறது, தானே தேறும், அதுவரை வற்புறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு எலும்பு முறிந்தவர்கள் நாலா திசையிலிருந்தும் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். குரலுக்குக் கட்டு இல்லை.

கிண்ணங்கள் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தன. சரோஜா பேசுவதற்குப் பதில் அவற்றைத் தட்ட ஆரம்பித்தாள். சந்திரன் என்றால் 'இங்கே வாங்க'. சுக்கிரன், காபி. செவ்வாய் என்றால் நான் ஏதோ செய்திருக்கிறேன். சனி என்றால் 'வேண்டாம்' அல்லது 'போதும்'. எங்கள் வீட்டில் சனி அடிக்கடி ஒலித்தது. அவருடைய ஆறு நிமிஷம் முப்பத்து நாலு விநாடியை அவளிடம் யாரும் சொல்ல முடியாது.

குக்கர் விசில் எண்ணுவது என் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அதில் நான் தவறியதில்லை. அந்த வாரம் இரண்டு தடவை பருப்பு தீய்ந்தது. முதல் தடவை குக்கரைத் திட்டினேன். இரண்டாவது தடவை மூன்றா நான்கா என்று தெரியாமல் அடுப்பின் முன்னால் நின்றேன். விசில் அடங்கிய பிறகும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று யோசித்தேன்.

ஒவ்வொரு விசிலுக்கும் அவள் நிறுத்தி, அடுத்த அடியை எடுப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, வாயை மூடியபடி. நான் இத்தனை வருஷம் எண்ணியது விசிலை அல்ல.

கரிந்த பருப்பின் நாற்றம் வீடெல்லாம் பரவியிருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமி நின்றது. ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இதற்கு முன்னால் இந்த வீட்டில் இவையெல்லாம் எனக்குக் கேட்டதாக நினைவில்லை.

முன்னறையிலிருந்து செவ்வாய் ஒலித்தது. பருப்பைப் பற்றி.

விழா நாள் காலை

சித்திரை வெயிலில் புத்தூரில் எந்தக் கிண்ணத்திலும் தண்ணீர் நிற்காது. தண்ணீர் குறைந்தால் சுரம் ஏறும். விழா நாள் காலையில் பார்த்தால் ஏழு கிரகமும் ஏழு திசையில் ஏறியிருந்தன. என்னிடம் ஸ்பூன் கணக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. அதன்படி ஊற்றி, ஐந்தரைக் கட்டைக்கே திரும்பக் கொண்டுவந்தேன். சரியாக இருக்கிறதா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

செல்போனில் தம்பூரா வருகிறது, அதை வைத்துச் சரிபார்க்கலாம் என்று செங்கல்ராயன் போனில் சொன்னார். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். சரோஜா சனியைத் தட்டினாள்.

பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். அந்தச் சில நாட்களாகப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது, ஈரத் துணி கிழிவதைப் போல. பாடிப் பார்க்கவில்லை. பாடிப் பார் என்று நானும் சொல்லவில்லை. ஊறுகாய்க் கிண்ணத்தைத் தட்டி, அதன் ச-வைப் பிடிக்கப் போனாள். குரல் பாதி வழியில் உடைந்தது. இன்னொரு தடவை போனாள். காற்றுதான் வந்தது. கழுத்துக் கோட்டுக்கு மேலே ஒரு நரம்பு புடைத்தது.

போதும் என்று சனியைத் தட்ட என் கை போனது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணை மூடி, கீழே தேடினாள். ஒரு படி இறங்கினாள், நிற்கவில்லை. இன்னொரு படி. அங்கே ஏதோ தட்டுப்பட்டது. கரகரப்பாக, தடித்து, ஆனால் அசையாமல் நின்றது.

"நாலு கட்டை" என்றாள். "இதான் இப்ப வருது."

நான் நோட்டைப் பார்த்தேன். ஐந்தரைக்குப் போட்ட கணக்கு இரண்டு பக்கம். சந்திரனிலிருந்து சனி வரை அரை ஸ்பூன் பிசகாத கணக்கு. நோட்டை மூடிவிட்டுச் சொம்பை எடுத்தேன்.

சனிக்கு ஏழு ஸ்பூன். வியாழனுக்கு ஆறு. செவ்வாய்க்கும் சூரியனுக்கும் ஐந்தைந்து. சுக்கிரனுக்கும் புதனுக்கும் நான்கு நான்கு. சந்திரனுக்கு மூன்று. ஊறுகாய்க் கிண்ணத்தில் தண்ணீர் விளிம்பில் வந்து நடுங்கியது. அவள் புதிய ச-வைப் பிடித்தாள். நான் தட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தன.

மைக் செட்காரரின் சந்தேகம்

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். சந்திரன் விநாடி தவறாமல் முத்திரை குத்தியது. கேதுவாக இருந்தவர் நான்காம் நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அதனால் இசைக்குக் கேடில்லை. ஆறு நிமிஷம் தாண்டியதும் அரங்கமே செங்கல்ராயனின் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, லேட் வண்டி வருவதைப் போலக் கழுத்தை நீட்டி, சரியாக முப்பத்து நாலாவது விநாடியில் தட்டினார். கைதட்டினார்கள். சனி கிரகத்துக்கு எங்கள் மாவட்டத்தில் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அதன்பிறகு ஒன்று நடந்தது. சனி ஓய்ந்த பிறகும் ச ஓயவில்லை. மெல்லிதாக, கரகரப்பாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நின்றது. அதன்மேல் மற்ற ஆறும் வந்து வந்து உட்கார்ந்தன. அதுவரை கிண்ணம் தட்டுவதாக இருந்தது பாட்டாக மாறியது.

மைக் செட்காரர் பெட்டியில் ஏதோ இரைச்சல் வருகிறது என்று ஒயரை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் சரோஜா வாயை மூடி, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். சனிக் கிண்ணம் அடுத்து ஒலிக்கும்வரை அந்த ச நடுவில் மூன்று தடவை உடைந்தது. மூன்று தடவையும் திரும்ப வந்தது. நான் மேடையில் உரையின் உச்சியைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, அந்தக் கிரேக்கர்கள் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

முடிந்ததும் செங்கல்ராயன் குச்சியோடு வந்தார்.

"ஒத்திகைல கேட்டதுக்கு இப்ப எறங்கி இருந்துச்சே மாஸ்டரே?"

"ஆமா. வானத்தை எறக்கிட்டேன்."

"எவ்ளோ?"

"முப்பத்து நாலு ஸ்பூன்."

அட்டையில் ஒரு திருத்தம்

வைகாசியில் மறுபடி அதே அறை. நாற்காலிகள் இருபத்திரண்டுதான், கை உடைந்தவை நான்கு ஆகியிருந்தன. குழாய், "ஈ", டிவியில் வெள்ளை நாடாக்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றுச் சோம்பலாக நகர்ந்தது. டாக்டர் அம்மாளுக்குத் திருப்திதான்.

அட்டையைத் திருப்பித் தரும்போது நான் வாங்கவில்லை. அதில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். பாட்டுக்கு நேராக 'எப்போதாவது' என்று இருக்கிறது. 'தினமும்' என்று இருக்க வேண்டும். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"எவ்ளோ வருஷமா பாடறாங்க?"

"நாற்பத்தாறு" என்றேன்.

"நாப்பத்தேழு" என்றாள் சரோஜா, நாலு கட்டையில். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே இவங்க முன்னாடி ஒக்காந்து பாடுனேன் டாக்டரம்மா. பாட்டு எப்டி இருந்துச்சின்னு எங்க நைனா கேட்டாரு. இவங்க தட்டுல பஜ்ஜி எண்ணிக்கினு இருந்தாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். மறுக்கலாமா என்று யோசித்தேன். அன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது நினைவில் இல்லை. அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் இல்லை. பாட்டு அடியோடு இல்லை.

பஜ்ஜி பதினொன்று. அது நன்றாக நினைவிருக்கிறது.